ஆர் ஓட்டுவது? கியூஜிஐஎஸ்ஸோடு ஆர் மொழியைக் கோத்த அனுபவம்

மூன்று வாரமாக ஒரே சுற்று வேலை. வரைபடம் செய்கிற மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் புள்ளிகளைத் திருத்துவேன். சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) வெளியே எடுத்து, புள்ளியியலுக்கான ஆர் மொழியில் திறந்து கணக்குப் போடுவேன். விடையை இன்னொரு சிஎஸ்வியாகச் சேமித்து, மறுபடி கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றி, நிறம் கொடுத்து, வரைபடமாக்குவேன். அதற்குள் யாராவது ஒரு புள்ளியின் இடம் தவறு என்பார்கள். மறுபடி முதலிலிருந்து.

ஒரு நாள் திருத்திய புள்ளிகளின் மேல் திருத்தாத கணக்கின் விடையைப் போட்டு வரைபடத்தை அனுப்பிவிட்டேன். எவரும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. இரண்டு மென்பொருளையும் நேராகக் கோத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இது அந்த வேலையின் பதிவு. அலுவல் தரவை வெளியே காட்ட முடியாது என்பதால் எல்லாரும் எடுத்துச் செய்துபார்க்கக்கூடிய ஒரு பயிற்சித் தரவை வைத்தே எழுதுகிறேன். ஆர் மொழியின் எஸ்பி பேக்கேஜோடு (பேக்கேஜ் என்பது கூடுதல் கட்டளைகளின் தொகுப்பு) வருகிற மியூஸ் தரவு அது. நெதர்லாந்தில் ஸ்டைன் என்ற ஊருக்கு அருகே, மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் எடுத்த 155 மேல்மண் மாதிரிகள். ஒவ்வொன்றிலும் காட்மியம், செம்பு, ஈயம், துத்தநாகம் எவ்வளவு என்று அளந்திருக்கிறார்கள். துத்தநாகம் கிலோவுக்கு 113 மில்லிகிராமில் தொடங்கி 1839 வரை போகிறது. உலோகத்தை ஆறு சுமந்து வந்து கரையோரத்தில் வண்டலோடு போட்டுவிட்டுப் போகிறது. ஆற்றை விட்டு விலக விலக அளவு குறைகிறது. வரைபடமும் புள்ளியியலும் ஒன்றையொன்று விட்டு நகர முடியாத தரவு என்பதால் இந்தச் சோதனைக்குப் பொருத்தம்.

முதலில் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பேச்சில் சில இடங்களில் ‘யார்’ என்பதை ‘ஆர்’ என்போம். இந்த வேலை முழுக்க எனக்குள் ஓடிய கேள்வியும் அதுதான்: இரண்டில் ஆர் ஓட்டுவது, ஆர் பின்னால் உட்கார்வது? அதைத் தீர்க்காமல் பாலம் கட்டப் போனதால்தான் பாதி நேரம் வீணாயிற்று.

சிஎஸ்வியை ஏன் விட்டேன்

மியூஸ் தரவில் கரிமப்பொருள் அளவுக்கு ஒரு நிரல் (நெடுவரிசை) உண்டு. 155இல் இரண்டு இடங்களில் அளவு இல்லை. ஆர் அதை சிஎஸ்வியில் எழுதும்போது அந்த இடத்தில் ‘என்ஏ’ என்று இரண்டு எழுத்தைப் போடும். கியூஜிஐஎஸ் அந்தக் கோப்பைப் படிக்கும்போது நிரலில் எழுத்து இருப்பதைப் பார்த்து, முழு நிரலையுமே உரை என்று எடுத்துக்கொள்ளும். மீதி 153 எண்களும் அப்போதே எழுத்தாகிவிடும். நிற அளவுகோல் கொடுக்கப் போனால் பட்டியலில் அந்த நிரலே தென்படாது. நான் அரைமணி நேரம் நிரலைத் தேடினேன்.

அதைவிடப் பெரிய குறை, தன் எண்கள் எந்த ஆயத்தொலைவு முறையில் (இடத்தை எண்ணால் குறிக்கும் முறையில்) இருக்கின்றன என்று சிஎஸ்வி சொல்லாது. மியூஸ் புள்ளிகளின் கிழக்கெண் 1,78,605 முதல் 1,81,390 வரை, வடக்கெண் 3,29,714 முதல் 3,33,611 வரை. இவை மீட்டரில் உள்ள எண்கள். நெதர்லாந்தின் தேசிய முறையைச் சேர்ந்தவை. இத்தகைய முறைகளுக்கு எண் கொடுக்கும் இபிஎஸ்ஜி பட்டியலில் அதன் எண் 28992. கோப்பு அதைச் சொல்லாதபோது, உலகப் பொதுமுறையான 4326 என்று அவசரத்தில் சொடுக்கிவிட்டால், ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் பாகை தீர்க்கரேகையில் ஒரு புள்ளி உட்கார்ந்துகொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது. இதுகூடப் பரவாயில்லை, தவறு என்று உடனே தெரிந்துவிடும். நிழல்போல நூறு மீட்டர் தள்ளி நிற்கிற தவறுதான் ஆபத்து. பழைய பாணியில், உலக முறையோடு பொருத்துகிற டேட்டம் மாற்ற எண்களை விட்டுவிட்டு இதே டச்சு முறையை எழுதினால் அப்படித்தான் ஆகும். நாற்பது மீட்டர் கட்டத்தில் கணக்குப் போடுகிறவருக்கு நூறு மீட்டர் என்பது இரண்டரைக் கட்டம்.

ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவமும் வேண்டாம் என்று வைத்தேன். அதில் நிரலின் பெயருக்குப் பத்து பைட்தான் இடம். நான் நிரல்களுக்குத் தமிழில் பெயர் வைக்கிற ஆள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. ‘துத்தநாகம்’ என்றால் பத்துக் குறி, முப்பது பைட். பத்து பைட்டில் மூன்று குறிதான் அடங்கும், மிஞ்சுவது ‘துத’. செம்புக்கும் ஈயத்துக்கும் என்ன கதி என்று பார்க்கக்கூட மனமில்லை.

ஆக, ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவம். உள்ளே இருப்பது ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளம். ஆயத்தொலைவு முறை கூடவே பயணிக்கும், இல்லாத மதிப்பு உண்மையிலேயே வெற்றிடமாகப் போகும், நிரல் பெயர் எத்தனை நீளமும் இருக்கலாம். தமிழ்ப் பெயர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. விண்டோஸில் ஆர் 4.2க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால், தமிழ் எழுத்துகள் கோண அடைப்புக்குள் குறியெண்களாக மாறி வந்து நிற்கும். 2022இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து விண்டோஸிலும் யூடிஎஃப்-8 இயல்பாகிவிட்டது. பழைய பதிப்பில் உட்கார்ந்துகொண்டு எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை.

310 புள்ளிகள்

ஜியோபேக்கேஜுக்கு மாறிய மறுநாளே ஒரு கூத்து.

ஆரில் வரைபடத் தரவைக் கையாளுகிற எஸ்எஃப் பேக்கேஜின் ‘எஸ்டி_ரைட்’ கட்டளையால் புள்ளிகளை எழுதினேன். இரண்டாம் முறை ஓட்டும்போது, இந்த அடுக்கு ஏற்கெனவே இருக்கிறது, சேர்க்கவா மாற்றவா என்று கேட்டுப் பிழை காட்டியது. படிக்காமல் ‘அப்பெண்ட்’ என்பதை உண்மை என்று வைத்து ஓட்டினேன். பிழை போய்விட்டது. கியூஜிஐஎஸ்ஸில் பார்த்தேன், புள்ளிகள் அதே இடத்தில் அழகாக இருந்தன.

அப்புறம் கிரிகிங் (அளக்காத இடத்தின் மதிப்பைச் சுற்றியுள்ள மாதிரிகளிலிருந்து மதிப்பிடும் கணக்கு) ஓட்டினால், வரைபடம் முழுக்க வெறுமை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எச்சரிக்கை: இணைமாறுபாட்டு அணி ஒருமை அணியாக இருக்கிறது, இந்த இடத்தைத் தாண்டுகிறேன் என்று. தொலைவு கூடக்கூட மதிப்புகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டுகிற வேரியோகிராம் மாதிரியை மாற்றினேன். தேடல் ஆரத்தை மாற்றினேன். பேக்கேஜையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். கடைசியில் ஏதோ தோன்றி வரிசைகளை எண்ணினால் 310.

ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் மேலே அதே புள்ளி. கிரிகிங் என்பது ஒவ்வொரு இணைப் புள்ளிக்கும் இடையே உள்ள தொலைவை வைத்து எடை போடுகிற கணக்கு. ஒரே இடத்தில் இரண்டு புள்ளி இருந்தால் அணியில் இரண்டு வரிசை அச்சு அசலாக ஒன்றாகிவிடும். அதைத் தலைகீழாக்க முடியாது. கணக்கு கையை விரித்துவிடும். வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத தவறு, கணக்கில் மலைபோல நின்றது. இரண்டு கருவியையும் சேர்த்து வைத்திருப்பதன் பலனே இதுதான் என்று இப்போது பெருமையாகச் சொல்லலாம். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போது என் ஸ்கிரிப்டில் ‘அப்பெண்ட்’ எப்போதும் பொய். கணக்குக்கு முன் எஸ்பி பேக்கேஜின் ‘ஜீரோடிஸ்ட்’ கட்டளையால் ஒரே இடத்துப் புள்ளிகள் உண்டா என்று ஒரு வரியில் பார்த்துவிடுகிறேன்.

இதோடு ஒட்டிய சின்னத் தொல்லை ஒன்று. கியூஜிஐஎஸ் ஒரு ஜியோபேக்கேஜைத் திறந்து வைத்திருக்கும்போது பக்கத்திலேயே ‘வால்’, ‘எஸ்எச்எம்’ என்று முடியும் இரண்டு துணைக் கோப்புகள் முளைக்கும். அந்த நேரத்தில் ஆர் அதே கோப்பை அழித்து எழுதப் போனால், விண்டோஸில் பூட்டு விழும். என் தீர்வு சாதாரணமானது: திருத்துகிற புள்ளிகள் ஒரு கோப்பில், அதில் கியூஜிஐஎஸ் மட்டும் எழுதும். கணக்கின் விடை வேறொரு கோப்பில், அதில் ஆர் மட்டும் எழுதும். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிக்கலாம், தொடக்கூடாது.

சொல்லப்போனால், பலருக்கு இவ்வளவே போதும். கோப்புப் பரிமாற்றமும் ஒரு பாலம்தான். நான் அதோடு நிற்காததற்குக் காரணம், கூட வேலை செய்கிற ஒருவருக்கு ஆர் தெரியாது. அவருக்குக் கியூஜிஐஎஸ்ஸில் ஒரு பொத்தான் வேண்டும்.

கியூஜிஐஎஸ்ஸுக்குள் ஆர்

இதற்கென்று ‘ப்ராசஸிங் ஆர் ப்ரொவைடர்’ என்ற செருகுநிரல் இருக்கிறது. செருகுநிரல் மேலாளரில் தேடி நிறுவிவிட்டு, ஆர் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று அமைப்பில் காட்ட வேண்டும். பிறகு கருவிப்பெட்டியில் மற்ற கருவிகளோடு ஆரும் ஒரு கிளையாக வந்துவிடும்.

நாம் எழுதுகிற ஸ்கிரிப்ட் ஆர்எஸ்எக்ஸ் என்று முடியும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. தலையில் இரண்டு ஹாஷ் குறியோடு தொடங்கும் வரிகள், உரையாடல் பெட்டியில் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்பவை. தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும், உண்மையில் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும்:

##புள்ளிகள்=வெக்டர்
##நிரல்=ஃபீல்டு புள்ளிகள்
##விடை=அவுட்புட் ராஸ்டர்

இந்த மூன்று வரிக்கே ஒரு பெட்டி வந்து, எந்த அடுக்கு, அதில் எந்த நிரல், விடையை எங்கே வைக்க என்று கேட்கும். அதற்குக் கீழே வழக்கமான ஆர் கட்டளைகள். புள்ளிகள் எஸ்எஃப் பொருளாகவே உள்ளே வந்துவிடும். ‘>’ குறியோடு தொடங்குகிற வரியின் விடை ஓட்டப் பதிவில் அச்சாகும். முதல்முறை அந்தப் பெட்டி திறந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், நான் ஏதோ பெரிய மென்பொருளே எழுதிவிட்டதுபோல உணர்ந்தேன்.

நிரல் விஷயத்தில்தான் முதல் அடி. பெட்டியில் துத்தநாக நிரலைத் தேர்ந்தால், ஸ்கிரிப்டுக்குள் வருவது அந்த எண்கள் அல்ல, வெறும் பெயர். அதன் சராசரி கேட்டால் ஒரு சொல்லுக்குச் சராசரி கேட்டதுபோல ஆகும். ஆரும் எச்சரிக்கையோடு ‘என்ஏ’ என்று திருப்பித் தரும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் பெயரைப் போட்டு அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும். கிரிகிங்குக்கான சூத்திரத்தையும் அப்படியே, பெயரை உரையாக ஒட்டி, பிறகு சூத்திரமாக மாற்றித்தான் கொடுக்க முடியும்.

இரண்டாவது, காத்திருப்பு. என் கணினியில் எல்லாப் பேக்கேஜும் ஏற்கெனவே இருந்தன. ஆனாலும் செருகுநிரல் அவற்றை மறுபடி இறக்கிக்கொண்டிருந்தது. காரணம், அது ஆரின் வழக்கமான நூலகக் கோப்புறையைப் பார்க்காமல், கியூஜிஐஎஸ் பயனர் கோப்புறைக்குள் தனக்கென ஒரு நூலகம் வைத்துக்கொள்கிறது. ஸ்கிரிப்டில் ‘லைப்ரரி’ என்று கூப்பிடுகிற பேக்கேஜ் அங்கே இல்லையென்றால் தானே நிறுவப் போய்விடும். அமைப்பில் ஒரு குறியை மாற்றினால் ஏற்கெனவே உள்ள நூலகத்தையே பயன்படுத்தும். ஆனால் இன்னொருவர் கணினியில் இந்தத் தானியங்கி நிறுவல்தான் கைகொடுத்தது. ஆகவே குறை என்று சொல்லமாட்டேன்.

இனி கணக்கு. துத்தநாகத்தின் மதிப்புகள் ஒரு பக்கமாக நீண்டு கிடப்பதால் மடக்கை எடுத்துத்தான் வேரியோகிராம் போடுவது வழக்கம். ஜிஸ்டாட் பேக்கேஜில் கோள மாதிரியைப் பொருத்தினால் நகெட் (தொலைவு பூஜ்யத்தை நெருங்கும்போதும் மிஞ்சுகிற வேறுபாடு) 0.05, அதற்குமேல் ஏற்றம் 0.59, எல்லை 897 மீட்டர் என்று வருகிறது. புழக்க மொழியில் சொன்னால்: ஏறக்குறைய 900 மீட்டர் வரை ஒரு மண் மாதிரி தன் அண்டையைப் பற்றி ஏதாவது சொல்லும், அதற்கு அப்பால் ஒன்றும் சொல்லாது. இந்த மூன்று எண்ணும் கியூஜிஐஎஸ்ஸின் ஓட்டப் பதிவில் வந்ததைப் பார்த்து, அதே எண்கள் ஆரைத் தனியாக ஓட்டுகிற ஆர்ஸ்டுடியோவிலும் வருகின்றனவா என்று ஒப்பிட்டேன். வந்தன. பாலம் கட்டுகிற எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் கட்சி: விடை தெரிந்த கணக்கை இரண்டு கரையிலும் போட்டுப் பார்ப்பது. தெரியாத தரவில் தொடங்கினால், தவறு கணக்கிலா பாலத்திலா என்று சொல்லவே முடியாது.

மதிப்பிடுவதற்கான கட்டமும் மியூஸ் தரவோடு வருகிறது: 40 மீட்டர் சதுரங்கள், 78க்கு 104 என்ற செவ்வகத்தில் 3103 கட்டங்களுக்கு மட்டும் மதிப்பு உண்டு, மற்றவை ஆய்வுப் பகுதிக்கு வெளியே. விடையை ராஸ்டராக (கட்டத்துக்கு ஒரு மதிப்புள்ள படமாக) திருப்பும்போது மடக்கையிலிருந்து பழைய அலகுக்கு மாற்ற அடுக்கேற்றம் செய்தேன். அப்படி மாற்றினால் கிடைப்பது சராசரி அல்ல, இடைநிலை மதிப்பு. வரைபடக் குறிப்பில் ‘சராசரி’ என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் திருத்தினேன்.

இரண்டாம் பட்டையாக மதிப்பீட்டின் மாறுபாட்டையும் சேர்த்தேன். எனக்கு முதல் வரைபடத்தைவிட இதுதான் பிடிக்கும். மாதிரிகள் அடர்த்தியாக உள்ள இடம் அடங்கியும், ஓரங்கள் கொதித்தும் தெரியும். எங்கே போய் அடுத்த மாதிரி எடுக்கலாம் என்று அதுவே கைகாட்டும்.

ஆருக்குள் கியூஜிஐஎஸ்

பொத்தான் வேலை முடிந்தது. ஆனால் எனக்கு எதிர்த் திசைதான் வேண்டியிருந்தது. நான் ஸ்கிரிப்டில் வாழ்கிற ஆள்; ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து ஐந்து இடத்தில் சொடுக்குவது ஆகாது.

கியூஜிஐஎஸ் 3.16இலிருந்து அதோடு ஒரு கட்டளைவரிக் கருவி வருகிறது, சன்னலே திறக்காமல் கருவிப்பெட்டியில் உள்ள எதையும் ஓட்டுவதற்கு. அதை ஆரிலிருந்து கூப்பிடுவதற்காக எழுதியதுதான் ‘கியூஜிஐஎஸ்ப்ராசஸ்’ பேக்கேஜ். ஏற்றியதும் கணினியில் கியூஜிஐஎஸ் எங்கே என்று தானே தேடிக்கொள்ளும். எந்தக் கருவிக்கு என்ன உள்ளீடு என்று ஆரிலிருந்தே கேட்டுக்கொள்ளலாம். எஸ்எஃப் பொருளை நேராகக் கொடுத்தால் அதுவே ஒரு தற்காலிக ஜியோபேக்கேஜாக எழுதி அனுப்பும். விடையையும் எஸ்எஃப் பொருளாகத் திரும்ப வாங்கலாம். உள்ளே நடப்பது நான் கையால் செய்துகொண்டிருந்த அதே கோப்புப் பரிமாற்றம்தான். கோப்புக்குப் பெயர் வைக்கிற வேலை மட்டும் என்னிடமிருந்து போய்விட்டது, அதோடு தவறும்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்துத் தொடங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்ற மூன்று பேக்கேஜ்களையும் 2023 அக்டோபரில் ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். அவற்றின் இடத்தில் இப்போது எஸ்எஃப், டெர்ரா. இந்த இணைப்பு முயற்சியே ஒன்றும் புதிதல்ல. கிராஸ் என்ற நிலத்தகவல் மென்பொருளோடு ஆரைக் கோப்பது பற்றி ரோஜர் பிவாண்ட் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஆர் மொழியின் 1.0 பதிப்பு வந்ததே அந்த ஆண்டு பிப்ரவரி 29இல்தான்.

நான் இந்தத் திசையை முதலில் பயன்படுத்தியது ஆற்றங்கரைக்கு. கரையோரத்தைக் கியூஜிஐஎஸ்ஸில் செயற்கைக்கோள் படத்தின் மேல் கையால் வரைந்திருந்தேன். என் கை நடுக்கம் கோட்டில் பல்பல்லாகத் தெரிந்தது. கியூஜிஐஎஸ்ஸின் வடிவச் சீராக்கலை ஆரிலிருந்து கூப்பிட்டு வழுவழுப்பாக்கி, அப்புறம் ஒவ்வொரு மாதிரிக்கும் கரையிலிருந்து தொலைவைக் கணக்கிட்டேன். தொலைவின் வர்க்கமூலத்தையும் துத்தநாகத்தின் மடக்கையையும் எதிரெதிரே போட்டால், புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரு நேர்கோட்டில் சரிந்து இறங்கும். கையால் வரைந்த கோடு ஒரு புள்ளியியல் மாதிரிக்குள் மாறியாக நுழைந்த கணம் அது. கரையைச் சற்று நகர்த்தி வரைந்துவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டினால் குணகம் மாறுகிறது. இதற்காகத்தான் இத்தனை பாடும்.

சரி, சந்தோஷத்தில் அடுத்த முட்டாள்தனத்தையும் செய்தேன். அருகில் உள்ள புள்ளிக்கு அதிக எடை கொடுக்கிற தொலைவு எதிர்விகித முறையோடு கிரிகிங்கை ஒப்பிட ஆசை. ஒரு புள்ளியை விட்டுவிட்டு மற்ற 154ஐ வைத்து அதை மதிப்பிட வேண்டும், இப்படி 155 முறை. கியூஜிஐஎஸ்ஸில் அந்த இடைச்செருகல் கருவி இருக்கிறதே, அதையே சுழற்சியில் கூப்பிட்டால் ஆயிற்று என்று எழுதினேன். அந்தக் கருவியின் உள்ளீடே விசித்திரம்: அடுக்கு, நிரல் எண், வகை எல்லாவற்றையும் ‘::~::’ என்ற குறியால் ஒட்டி ஒரே உரையாகக் கொடுக்க வேண்டும். அதைச் சரிசெய்யவே ஒரு மாலை போயிற்று. ஓட்டினால், ஒவ்வொரு அழைப்புக்கும் கியூஜிஐஎஸ் புதிதாகக் கண்விழித்து, சோம்பல் முறித்து, வேலையைச் செய்துவிட்டுத் தூங்கப் போகிறது. என் மடிக்கணினியில் ஓர் அழைப்புக்கு 4 நொடி. 155 முறைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். இதே சரிபார்ப்பை ஜிஸ்டாட் ஒரே கட்டளையில், நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் முடித்துவிட்டது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். சுழற்சி ஆற்றின் ஒரே கரையில் இருக்க வேண்டும். பாலத்தைத் தாண்டுவது ஒரு வேலைக்கு ஒருமுறை, மொத்த மூட்டையோடு.

கோப்பு இருக்கிறது, ஆயம் இல்லை

அதிக நேரத்தைத் தின்ற பிழையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் ஆருக்கு 28992 யார் என்றே தெரியவில்லை. முந்தைய நாள்வரை ஓடிய ஸ்கிரிப்ட். ஆயத்தொலைவு முறையைக் கொடுக்கிற வரியில், ப்ராஜ் தரவுத்தளத்தின் பதிப்பு பொருந்தவில்லை, இது வேறொரு ப்ராஜ் நிறுவலிலிருந்து வந்தது என்ற பொருளில் ஒரு நீண்ட செய்தி. கியூஜிஐஎஸ்ஸை மறுநிறுவல் செய்தேன், பயனில்லை. எஸ்எஃப்பை மறுநிறுவல் செய்தேன், அதுவும் பயனில்லை.

பின்னணி இது. ஆயத்தொலைவு மாற்றங்களைச் செய்வது ப்ராஜ் என்ற நூலகம். கியூஜிஐஎஸ்ஸும் அதைத்தான் நம்பியிருக்கிறது, எஸ்எஃப்பும் அதைத்தான். ஆனால் இருவரும் வீட்டில் தனித்தனி உலை வைப்பதுபோலத் தங்களுக்கென ஒரு பிரதி வைத்திருக்கிறார்கள். 2019இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து ப்ராஜ் தன் வரையறைகளை ஒரு தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. அந்தக் கோப்பு எங்கே என்று சொல்ல ‘ப்ராஜ்_லிப்’ என்ற சூழல் மாறி உண்டு. முந்தைய நாள் மாலை நான் வேறொரு காரியத்துக்காக நிறுவிய ஒரு தரவுத்தள மென்பொருள், அந்த மாறியைக் கணினி முழுவதற்கும் பொதுவாகத் தன் கோப்புறையை நோக்கித் திருப்பிவிட்டிருந்தது. அங்கே இருந்த கோப்பு பழையது.

சூழல் மாறியின் குணம், கூப்பிடுகிற தாய் மென்பொருளிடமிருந்து சேய் மென்பொருளுக்குச் சொத்துபோலப் போவது. ஆருக்குள்ளிருந்து கியூஜிஐஎஸ்ஸைக் கூப்பிட்டாலும், கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளிருந்து ஆரைக் கூப்பிட்டாலும், கூப்பிட்டவரின் சூழல் கூடவே இறங்கும். ஒரே ஸ்கிரிப்ட் தனியாக ஓடி, பாலத்தின் வழியே வந்தால் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். கணினி அமைப்பில் போய் அந்த மாறியை நீக்கினேன். எல்லாம் எழுந்து நின்றது. புதிதாக நிறுவிய மென்பொருளும் அது இல்லாமலே ஒழுங்காக ஓடுகிறது.

இப்போது என் ஸ்கிரிப்டின் முதல் சில வரிகள் வேலையே செய்வதில்லை, விசாரிக்கின்றன. எஸ்எஃப் நம்பியிருக்கிற ஜிடால், ஜியோஸ், ப்ராஜ் நூலகங்களின் எந்தப் பதிப்புகளோடு ஓடுகிறது, அந்தச் சூழல் மாறிக்கு மதிப்பு ஏதும் இருக்கிறதா, உள்ளே வந்த அடுக்கின் இபிஎஸ்ஜி எண் 28992தானா, வரிசைகள் 155தானா. ஒன்று பிசகினாலும் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது ஓடுகிற ஏற்பாடு

ஆர்தான் ஓட்டுகிறது. புள்ளிகளைத் திருத்துவதும் கரையை வரைவதும் கியூஜிஐஎஸ்ஸில். சேமித்ததும் அதன் முதல் வேலை முடிந்தது. ஆர் அந்தக் கோப்பைப் படித்து, தேவைப்பட்ட இடத்தில் ஒருமுறை கியூஜிஐஎஸ்ஸின் கருவியைக் கூப்பிட்டு, கணக்கை முடித்து, விடையை மாறாத பெயருள்ள ஒரு ராஸ்டராக எழுதும். கியூஜிஐஎஸ் திட்டக்கோப்பு அந்தப் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. புதுப்பித்தால் புது வரைபடம். ஆர் தெரியாத நண்பருக்கு அந்தப் பொத்தான் தனியாக இருக்கிறது. அதற்குள்ளும் இதே ஸ்கிரிப்டின் அதே கணக்குப் பகுதியைத்தான் வைத்திருக்கிறேன், இரண்டு பிரதி வளர்க்கவில்லை.

ஒரே ஓர் இடறல் பாக்கி இருந்தது. புது ராஸ்டர் வந்தாலும் நிற அளவுகோல் பழைய குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளையே பிடித்துக்கொண்டிருந்ததால், துத்தநாகம் கூடிய இடமும் பழைய நிறத்திலேயே நின்றது. கரையைத் திருத்தியும் ஒன்றும் மாறவில்லையே என்று கணக்கைச் சந்தேகப்பட்டு ஒரு மணி நேரம் துழாவினேன். இப்போது வகுப்பு எல்லைகளை நானே எழுதி, கியூஎம்எல் பாணிக் கோப்பாக ராஸ்டரின் அதே பெயரில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ராஸ்டரைப் புதிதாக ஏற்றும்போது கியூஜிஐஎஸ் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. துத்தநாகத்துக்குச் செய்தாயிற்று. ஈயத்துக்கும் செம்புக்கும் காட்மியத்துக்கும் எல்லைகள் இன்னும் எழுதவில்லை.